மதம் என்ற சொல்லே காலனியம் செய்து கொடுத்தது என்றால், நான் வேண்டிக்கொண்டது யாரிடம்?

நள்ளிரவுவாசகன்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாகப் பின்நவீனத்துவம், பின்காலனியம் (காலனி ஆட்சி நம் சிந்தனையில் விட்டுப்போனதை ஆராய்வது) என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சைக்காக இல்லை, பிடித்துப்போய்தான். பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-இல் எழுதியதில் ஆரம்பித்தேன். பெருங்கதையாடல்களின் மேல், அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் பெரிய கதைகளின் மேல், நம்பிக்கை போய்விட்ட நிலைதான் பின்நவீனம் என்று அவர் சொன்னது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அப்புறம் அறிவும் அதிகாரமும் பின்னிக்கிடப்பதைப் பற்றி எழுதிய ஃபூக்கோ, கிழக்கை மேற்கு எப்படிச் சித்தரித்தது என்று எழுதிய எட்வர்ட் சயீத், கடைசியாக மானுடவியலாளர் தலால் அசத். ‘மதம்’ என்று ஒன்று எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் இருந்தது என்று நாம் நினைப்பதே தப்பு, அந்த வகைப்பாடு ஐரோப்பியக் கிறித்தவத்தின் ஒரு குறிப்பிட்ட வரலாற்றில் உருவாகி, பேரரசுகளோடு உலகம் முழுக்கப் போனது என்று அசத் 1993-இல் எழுதிய புத்தகத்தில் காட்டுகிறார். படித்தபோது பெரிய விடுதலையாக இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. ராத்திரி இரண்டு மணி இருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவில் சின்ன வட்டக் கண்ணாடி. அது வழியாகப் பார்த்தால் மானிட்டரின் பச்சைக் கோடும் போர்வையின் ஓரமும் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. என்னை அறியாமல் இரண்டு கையும் கூடிவிட்டன. உதடு ஏதோ சொல்ல ஆரம்பித்தது. உடனே உள்ளே ஒரு குரல்: இது சொல்லாடலின் (சமூகம் பேசிப் பேசி உண்டாக்கிய சிந்தனை முறையின்) விளைவு, உன் உடம்பில் அதிகாரம் எழுதிவைத்த பழக்கம் என்று. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், நடக்கிறார். ஆனால் அந்தக் கை இறங்கிய நிமிடம் என்னை விடவே இல்லை. அவரை அங்கே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

கேள்வி இதுதான். மதம் வரலாற்றில் செய்யப்பட்ட ஒன்று என்று தெரிந்த பிறகு ஒருவர் வேண்டிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதா? இன்னொன்றும் உண்டு. “இதெல்லாம் நம் மரபு, மேற்கத்திய விமர்சனம் இங்கே செல்லாது” என்று பேசுகிறவர்களும் இதே புத்தகங்களைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களோடும் என்னால் நிற்க முடியவில்லை.

பழையவாசகர்:

தம்பி, முதலில் அப்பா நலம் என்பதில் மகிழ்ச்சி.

நீங்கள் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். ஒரு கருத்து எப்படி வந்தது என்று காட்டுவது வேறு, அது பொய் என்று காட்டுவது வேறு. எண்களை எழுதும் முறைக்கும் வரலாறு உண்டு, பூஜ்யத்துக்கும் உண்டு, அதனால் கணக்கு பொய்யாகிவிடவில்லை. ஒரு கருத்து வந்த வழியைத் தேடும் வம்சாவளி ஆராய்ச்சி, அதாவது ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷேயும் பிறகு ஃபூக்கோவும் செய்தது, ‘இது இயற்கையாகவே இப்படித்தான்’ என்ற எண்ணத்தை உடைக்கும். அதைத் தாண்டி ‘ஆகவே ஒன்றுமில்லை’ என்பது நாம் சேர்த்துக்கொள்வது.

இன்னொன்று. லியோதார் சந்தேகப்பட்டது மதத்தை மட்டும் அல்ல. அறிவு வளர வளர மனிதகுலம் விடுதலை பெறும் என்ற அறிவொளிக்காலக் கதையும் அவர் பட்டியலில் இருந்தது. அதாவது, அன்று ராத்திரி உங்கள் கையைக் கீழே இறக்கிய அந்தக் குரல் இருக்கிறதே, ‘மூடத்தனத்திலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன்’ என்ற குரல், அதற்கும் ஒரு பெருங்கதை உண்டு. அதை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் விட்டீர்கள்?

நீட்ஷேவின் அந்தப் பைத்தியக்காரன் பகுதியை (1882) மறுபடி படித்துப் பாருங்கள். ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்று அவன் கத்துவது பக்தர்களிடம் அல்ல. சந்தையில் நிற்கிற, ஏற்கெனவே கடவுளை நம்பாத ஆட்களிடம். அவர்கள்தான் சிரிக்கிறார்கள். பகலில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்தவன் விளக்கைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, நான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்கிறான். நம்பாதவர்களுக்கே தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியவில்லை என்பதுதான் அவன் வேதனை. இதை வெறும் நாத்திக முழக்கமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எனக்கு அதில் தீராத வருத்தம்.

அப்புறம் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா. 1930-இல் அல்ஜீரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு அல்ஜீரிய யூதர்களின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது, 1942-இல் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள், அப்போது பன்னிரண்டு வயது. பின்நவீனத்துவம் பாரிஸ் காபிக்கடைகளில் பிறந்தது என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அந்த மனிதர் கடைசிவரை ‘நான் நாத்திகன்’ என்று நேராகச் சொல்லவில்லை, ‘நாத்திகன் என்று என்னைச் சொல்வது சரிதான்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். 2002-இல் டொரன்டோவில் மத ஆய்வாளர்கள் கூடிய இடத்தில் பிரார்த்தனை பற்றிக் கேட்டபோது, தான் வேண்டிக்கொள்வதுண்டு என்றே பேசினார். அதில் ஒரு அடுக்கு குழந்தைப்பருவத்தது, இன்னொரு அடுக்கு யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாதது. பதில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அது ஆர்டர் கொடுப்பது, பிரார்த்தனை ஆகாது என்பது அவர் வாதம். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் கையை இறக்கச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏடுபிரிப்பவள்:

பழையவாசகர் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் நான் சொற்கள் பக்கமாக வருகிறேன், எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

‘மதம்’ என்ற சொல்லை எடுங்கள். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் ‘எழுவகை மதம்’ என்று ஒரு சூத்திரம் உண்டு. உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல் என்று போகும். அங்கே மதம் என்றால் நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடு, கொள்கை, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழோடு வருகிற ஒன்று இல்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர் திறம் கேட்கும் காதையில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் எல்லோரும் வரிசையாக வந்து தங்கள் வாதத்தைச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் பூதவாதியும் இருக்கிறார், அதாவது பொருளைத் தவிர வேறெதுவும் இல்லை என்கிறவர்! கடவுளை ஏற்காதவரும் ‘சமயக்கணக்கர்’தான். இன்று படிவத்தில் ‘மதம்’ என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல் எழுதச் சொல்கிறார்களே, அந்தக் கட்டமும் இந்தச் சொல்லும் ஒன்றல்ல. நடுவில் மொழிபெயர்ப்பும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடந்திருக்கின்றன. ஜப்பானிலும் இதே கதைதான்: 1850-களில் மேற்கு நாடுகளோடு ஒப்பந்தம் போடும்போது அவர்களுடைய ‘ரிலிஜன்’ என்ற சொல்லுக்கு நேர்ச்சொல் இல்லாமல் திண்டாடி, பிறகுதான் ‘ஷூக்யோ’ நிலைபெற்றது.

ஆனால் இதிலிருந்து, முன்னாடி எல்லாம் ஒற்றுமையாக இருந்தார்கள் வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று நான் சொல்லவில்லை. மணிமேகலையிலேயே கடுமையான சண்டைதான் நடக்கிறது. சண்டையின் அமைப்பு வேறு, அவ்வளவுதான்.

உங்களுக்காகவே ஒரு கதை. உகாண்டாவின் கவிஞரும் ஆய்வாளருமான ஒகோட் பிடெக் 1970-இல் எழுதியது. 1911-இல் இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரிகள் அச்சோலி மக்களின் பெரியவர்களைக் கூப்பிட்டு ‘உங்களைப் படைத்தது யார்?’ என்று கேட்கிறார்கள். அவர்கள் பேசும் லுவோ மொழியில் ‘படைத்தல்’ என்று தனிச் சொல் கிடையாது. ஆகவே கேள்வி ‘உங்களை வனைந்தது யார்?’ என்று ஆகிவிட்டது, மண்ணை வனைவதுபோல. பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மனிதர்கள் தாய் வயிற்றிலிருந்துதானே பிறக்கிறார்கள், யார் வனைவது? தெரியாது என்கிறார்கள். பாதிரிகள் விடவில்லை, பதில் வேண்டும் என்று நிற்கிறார்கள். கடைசியில் ஒரு பெரியவருக்கு நினைவு வருகிறது: நன்றாகப் பிறந்தவரும் முதுகெலும்பில் காசநோய் வந்தால் உடம்பு வளைந்து, வேறு உருவமாக ‘வனையப்பட்டு’விடுகிறார். அதைச் செய்வது ருபாங்கா. ஆகவே ‘ருபாங்காதான் ஆட்களை வனைவது’ என்று சொல்லிவிட்டார். ருபாங்கா என்பது கூனல் போடவைக்கும், எல்லோரும் விரட்ட நினைக்கிற ஆவியின் பெயர். பாதிரிகள் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, உங்களைப் படைத்த பரமபிதா ருபாங்காதான் என்று போதிக்க ஆரம்பித்தார்கள்.

கேள்வியே ஒரு வடிவத்தோடு வந்தால், பதிலும் அந்த வடிவத்துக்கு வளைந்துதான் கொடுக்கும். கானாவின் தத்துவவாதி க்வாசி விரேடு ‘கருத்துகளின் காலனிய நீக்கம்’ என்று பேசியது இதைத்தான்: ஒரு தத்துவச் சிக்கலை எடுத்து உன் தாய்மொழியில் யோசித்துப் பார், அப்போதும் அது சிக்கலாக நிற்கிறதா என்று கவனி.

நான் அதை உங்கள் கேள்வியில் செய்து பார்த்தேன். நீங்கள் கேட்பது ‘நம்பிக்கை’ பற்றி. ‘நம்புதல்’ என்றால் ஒரு கூற்று உண்மை என்று மனதால் ஏற்பது என்றுதான் இப்போது நினைக்கிறோம். தொல்காப்பியம் உரியியலில் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது. நம்பு என்றால் நசை. விருப்பம், அன்பு, வேட்கை. ஆங்கிலத்தின் ‘பிலீவ்’ கூட ஒரு காலத்தில் ஒருவரை அன்போடு பற்றிக்கொள்வதைத்தான் குறித்தது என்று மத ஆய்வாளர் வில்பிரெட் கான்ட்வெல் ஸ்மித் காட்டியிருக்கிறார், கடவுள் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அர்த்தம் பிற்பாடு வந்து உட்கார்ந்தது. அந்த ராத்திரி உங்கள் கையில் இருந்தது கூற்றா நசையா? அப்பாவின் முகம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே.

மூன்றாம்மேசை:

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் நான் சண்டைக்கு வருகிறேன், மன்னிக்கவும். கேட்டவரின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

‘கேள்வியே மேற்கத்தியது’ என்ற வாதத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அறிவியல் பற்றி எழுதும் ஆய்வாளர் மீரா நந்தா 2003-இலேயே இதைக் கத்திச் சொன்னார். அறிவியலும் ஒரு பண்பாட்டின் கதைதான் என்று இடதுசாரிப் பேராசிரியர்கள் எழுதியதை, வலதுசாரிகள் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் ‘எங்கள் வேத அறிவியல்’ என்று கடை விரித்தார்கள். ‘மேற்கு எங்களை அளக்கக் கூடாது’ என்ற வாக்கியம் ஒடுக்கப்பட்டவன் சொன்னால் ஒன்று, ஒடுக்குகிறவன் சொன்னால் வேறொன்று. சொற்கள் அப்படியே இருக்கும், பேசுகிற வாய்தான் மாறும்.

அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். 1936-இல் அவர் சாஸ்திரங்களின் அதிகாரத்தையே உடைக்கச் சொன்னபோது, ‘எல்லாமே கதையாடல்தான், இதுவும் ஒரு கதையாடல்’ என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு வசதி இல்லை. சமத்துவம், சகோதரத்துவம் என்று அவருக்குக் கால் ஊன்ற ஒரு தரை வேண்டும். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று மரபுப் பாதுகாவலர்கள் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று அவரே பதில் சொன்னார். 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அவர் இறந்த பிறகு 1957-இல் வெளிவந்த புத்தர் பற்றிய நூலில் மதம் வேறு தம்மம் வேறு என்று பிரிக்கிறார்: மதம் தனி ஆளின் விஷயம், தம்மம் இரண்டு பேர் சேர்ந்து வாழ வேண்டி வரும்போது அவர்களுக்கு நடுவில் வேண்டியிருப்பது. காலனியம் தந்த ‘மதம்’ என்ற கட்டத்தை இவர் அளவுக்கு உடைத்தவர் யார்? ஆனால் உடைத்துவிட்டு நசை, அன்பு என்று நிற்கவில்லை. யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்ற கேள்வியில் போய் நின்றார்.

நள்ளிரவுவாசகன், உங்கள் கை கூடியதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதை நியாயப்படுத்த ஒரு கோட்பாடு தேடுகிறீர்களே, அங்கேதான் பயமாக இருக்கிறது.

கரையோரம்:

மூன்றாம்மேசையின் கோபம் நியாயமானது. ஆனால் ‘எந்த அளவுகோலும் வேண்டாம்’ என்று யாரும் இங்கே சொல்லவில்லை. அளவுகோல் ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் யார் நசுங்குகிறார்கள் என்பதையும் பார்க்கத்தானே வேண்டும். எனக்கு ஒரு வழக்குதான் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் வட கலிபோர்னியா மலைகளில் யூரோக், காருக், டோலோவா பழங்குடியினர் காலங்காலமாகச் சடங்கு செய்யும் ஒரு உயர்ந்த பகுதி உண்டு. அரசு வனத்துறை அதன் வழியாகச் சாலை போட வந்தது. அங்கே வேண்டியிருப்பது அமைதியும் கலையாத நிலமும்தான், லாரி ஓடினால் சடங்கே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1988-இல் தீர்ப்பு வந்தது, ஐந்துக்கு மூன்று. சாலை அவர்கள் வழிபாட்டை நாசமாக்கக் கூடும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும் அரசு அவர்களைத் தங்கள் நம்பிக்கைக்கு எதிராக நடக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை, நிலமோ அரசுடையது, ஆகவே மதச் சுதந்திரம் மீறப்படவில்லை என்றது.

என்ன நடந்தது பாருங்கள். மதம் என்றால் மண்டைக்குள் இருக்கும் நம்பிக்கை. மண்டையை யாரும் தொடவில்லையே! மலை போனால் என்ன? அசத் புத்தகத்தில் படிக்கும்போது நுணுக்கமான வாதமாகத் தெரிவது, இங்கே புல்டோசராக வந்து நிற்கிறது. பிறகு 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த இடத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்ததால் சாலை வரவில்லை, ஆனால் தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கிறது. இந்த மக்கள் யாரையும் ஒடுக்கவில்லை, மூன்றாம்மேசை. அவர்களிடம் போய் உங்கள் மரபு வாதம் ஆபத்தானது என்று சொல்வீர்களா?

இன்னொரு உதாரணம், இது என்னைப் பல வருடம் தூங்கவிடாத ஒன்று. 1855-இல் நடந்த சந்தால் பழங்குடியினரின் எழுச்சி. வட்டிக்காரர்கள், ஜமீன்தார்கள், கம்பெனி அரசு எல்லோருக்கும் எதிராக எழுந்த மக்கள். தலைவர்கள் சித்துவும் கானுவும் என்ன சொன்னார்கள்? நாங்கள் கிளம்பவில்லை, தாக்கூர் கட்டளையிட்டார், தாக்கூரே சண்டை போடுவார் என்றார்கள். தாக்கூர் என்பது அவர்களுடைய தெய்வம். வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா இந்த மக்களை வெறும் கும்பலாகப் பார்க்காமல், தாங்களே முடிவெடுத்த மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்று 1983-இல் எழுதினார். நல்ல மனசு. ஆனால் அந்த மக்களோ முடிவெடுத்தது நாங்கள் இல்லை என்கிறார்கள்! இன்னொரு வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரபர்த்தி இங்கேதான் கைவைத்தார். வரலாற்றாசிரியரால் ‘தாக்கூர் எழச் சொன்னார், எழுந்தார்கள்’ என்று எழுத முடியாது. ‘தாக்கூர் சொன்னதாக அவர்கள் நம்பினார்கள்’ என்றுதான் எழுத முடியும். ‘நம்பினார்கள்’ என்ற அந்த ஒரு சொல்லில் தெய்வம் வெளியேற்றப்பட்டு, சந்தால்களின் மனசுக்குள் ஒரு எண்ணமாகச் சுருங்கிவிடுகிறது. அவர்கள் குரலைக் கேட்கவைக்கிறோம் என்று கிளம்பியவர்களே அவர்கள் சொன்ன முக்கியமான விஷயத்தைக் கேட்க முடியாமல் போகிறது.

இதற்காக வரலாற்றை விட்டுவிட்டுப் புராணம் எழுது என்று சக்ரபர்த்தி சொல்லவில்லை. வரலாறு எழுதும் முறைக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையை மறைக்காதே என்கிறார்.

மூன்றாம்மேசை:

வழக்கு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அந்தத் தீர்ப்பைப் படித்தால் ரத்தம் கொதிக்கிறது. சந்தால் விஷயத்தில் பாதிதான். 1855-இல் தாக்கூர் சொன்னார் என்று வட்டிக்காரனுக்கு எதிராக எழுந்தார்கள், சரி. நாளைக்கு ஒருவன் சாமி என்னிடம் சொன்னது என்று பக்கத்துத் தெருவைக் கொளுத்தினால்? அங்கே ‘அவன் அப்படி நம்பினான்’ என்று எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிக் கைதும் செய்ய வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல ஒரு அளவுகோல் வேண்டுமா வேண்டாமா? அதைத் தாக்கூரிடமிருந்து எடுக்க முடியாது. யாருக்கு அடி விழுகிறது என்பதிலிருந்துதான் எடுக்க முடியும்.

கரையோரம்:

வேண்டும். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் யாருக்கு அடி விழுகிறது என்று தெரிந்துகொள்ளவும் அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அந்த மலை மக்களுக்கு அடி விழுந்ததே நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் இரண்டு பக்கமிருந்து தோண்டுகிறோம் என்று தோன்றுகிறது, இன்னும் சந்திக்கவில்லை.

நள்ளிரவுவாசகன்:

எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்றாம்மேசை, நீங்கள் சொன்னது உறைத்தது. கோட்பாட்டிடம் போய் அனுமதிச்சீட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கையை இறக்க அது அனுமதி தந்தது, இப்போது தூக்க அனுமதி தருமா என்று பார்த்தேன். இரண்டும் ஒரே பழக்கம்தான். அம்பேத்கரின் அந்த நூலை எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பேருக்கு நடுவில் என்ற அந்த இடத்திலிருந்து தொடங்கப்போகிறேன். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அப்பாவும் இருந்தோம், அதை இப்படி யோசிக்கவே இல்லை.

ஏடுபிரிப்பவள் அக்கா, ‘நம்பும் மேவும்’ சூத்திரத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அது என்னைச் சமாதானப்படுத்திவிட்டது என்று சொன்னால் பொய். அன்பு என்று சொல்லிவிட்டால் யாரிடம் என்ற கேள்வி போய்விடுமா? பழையவாசகர் ஐயா சொன்ன தெரிதாவின் இரண்டாவது அடுக்கில்தான் நான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன், அங்கே ரொம்பக் குளிராக இருக்கிறது.

அச்சோலி கதையை நேற்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா இந்தப் புத்தகம் எதையும் படித்ததில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “அந்தப் பெரியவர்கிட்ட மறுபடி ஒருத்தரும் போய்க் கேக்கலையா?” என்றார். என்ன கேட்க வேண்டும் என்றேன். “நீங்க சொன்னதுக்கு நாங்க புரிஞ்சிக்கிட்டது சரியான்னு.”